இருபது நாள் தவணை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாமக்கல் மாவட்டத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளியில் பதினோரு ஆண்டுகளாக வேதியியல் எடுக்கிறேன். நீங்கள் மாலத்தீவில் ஆசிரியராக இருந்தவர் என்பதால் உங்களிடம் கேட்கத் துணிந்தேன்.

சென்ற மாதம் துபாயில் உள்ள ஓர் இந்தியப் பள்ளி என்னைத் தேர்ந்தெடுத்தது. கணினியில் நேர்காணல், மாதிரி வகுப்பு எல்லாம் முடிந்து பணிநியமனக் கடிதமும் வந்தது. ஏப்ரல் 1 அன்று சேரவேண்டும் என்று அதில் இருக்கிறது. சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தேன். என் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மார்ச் கடைசி வாரம் வரை பொதுத்தேர்வு. ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம். முகாம் முடிந்தால்தான் விடுவிப்பேன் என்று எங்கள் தாளாளர் சொல்லிவிட்டார். வேலையில் சேர்ந்தபோது வாங்கி வைத்த என் அசல் சான்றிதழ்களும் அவரிடம்தான் இருக்கின்றன.

ஜூன் 1 என்று தவணை கேட்கலாமா என்று நினைக்கிறேன். மே மாதம் முழுக்க மகளோடு இருக்கலாம் என்கிற ஆசையும் அதில் கொஞ்சம் உண்டு. "அம்மாவுக்கு ஆபரேஷன் என்று எழுது, யாரும் மறுக்கமாட்டார்கள்" என்கிறார் என் கணவர். வேலையைப் பார்த்துக் கொடுத்த ஏஜென்டோ, தேதியை மாற்ற வேண்டுமானால் பதினைந்தாயிரம் ரூபாய் செலவாகும் என்கிறார். எனக்கோ, கேட்டாலே வேலை கைநழுவிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம் ஐயா.

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் உங்கள் அம்மாவை இதிலிருந்து விட்டுவிடுங்கள். அவர் நன்றாக இருக்கட்டும்.

நான் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1994 டிசம்பரில் எனக்கு மாலத்தீவின் வட பகுதித் தீவு ஒன்றில் கணக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. அப்போது அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். எனக்குப் பொங்கல் முடிந்து போகவேண்டும். திருமணமாகாத இளைஞன், இருபத்தாறு வயது, பொங்கலுக்காக வேலையைத் தள்ளிப்போடச் சொல்கிறான் என்றால் என்ன நினைப்பார்கள்? நாகர்கோவிலில் ஓர் எஸ்.டி.டி. பூத்தில் ஃபேக்ஸ் வசதி இருந்தது. தந்தைக்கு இருதய நோய், இரண்டு வாரம் அவகாசம் வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். பூத்துக்கு வெளியே என் அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். ஃபேக்ஸ் அடிக்கக் காசு கொடுத்ததும் அவர்தான்.

அவகாசம் உடனே கிடைத்தது. பொங்கல் முடிந்து திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினேன். மாலேயிலிருந்து ஓர் இரவு முழுக்கத் தோணிப் பயணம். காலையில் தீவின் துறையில் இறங்கியபோது தலைமையாசிரியரே வந்திருந்தார். என் பெட்டியை வாங்கிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்பா எப்படி இருக்கிறார்?"

ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய தீவு அது. மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடைக்காரர் கேட்டார். மசூதியில் தொழுகை முடிந்து வந்த பெரியவர்கள் கேட்டார்கள். ஏழாம் வகுப்புப் பையன்கள் கேட்டார்கள். தேறி வருகிறார் என்றே மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் என் தங்கைக்குத் திருமணம் நிச்சயமானது. விடுப்பு கேட்டுப் போனேன். தலைமையாசிரியர் நல்ல மனிதர். விடுப்பைத் தருவதற்கு முன்னால், "இந்த உடம்போடு உங்கள் அப்பாவால் கல்யாண வேலையெல்லாம் தாங்க முடியுமா? ஆறு மாதம் தள்ளி வைக்கலாமே" என்று உண்மையான கவலையோடு கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிளம்பும் நாளில் ஒரு வயதான மீனவர் ஒரு கட்டு மாசியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். சூரை மீனை அவித்து, புகைபோட்டு, மரக்கட்டைபோல ஆகும்வரை வெயிலில் காயவைப்பது. தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நோயாளிக்குத் தெம்பு வரும், இடித்துக் கஞ்சியோடு கொடுங்கள் என்றார். அப்பா அதைத் தேங்காய்ச் சம்பலாக்கி ஒரு மாதம் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

உங்கள் துபாய்ப் பள்ளியின் முதல்வரும் விசாரிப்பார். ஆசிரியர் அறையில் உடன் இருப்பவர்களும் விசாரிப்பார்கள். அத்தனை பேரும் நம் ஊர்க்காரர்கள், எந்த மருத்துவமனை, எந்த டாக்டர் என்றெல்லாம் கேட்பார்கள். பிறகு என்றைக்காவது அம்மாவுக்கு உண்மையிலேயே முடியாமல் போய் நீங்கள் ஊருக்கு ஓடி வரவேண்டியிருந்தால், அந்தக் காரணத்தை ஏற்கெனவே செலவழித்திருப்பீர்கள்.

இத்தனைக்கும் உங்களிடம் உள்ள காரணம் பொய்யைவிட நல்ல காரணம். பொதுத்தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டு வர மனமில்லை, விடைத்தாள் திருத்தும் பணி இருக்கிறது என்று ஓர் ஆசிரியை எழுதினால், அதைப் படிக்கும் முதல்வருக்கு என்ன தோன்றும்? நாளைக்கு நம் பள்ளியையும் இவர் இப்படி நடுவழியில் விடமாட்டார் என்றுதான் தோன்றும். வளைகுடாவில் பள்ளி நடத்துபவர்களுக்குப் பெரிய தலைவலியே ஆண்டின் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் ஆசிரியர்கள்தான்.

ஆனால் ஜூன் 1 வேண்டாம். இந்த இடத்தில்தான் நீங்கள் அவர்களுடைய நாட்காட்டியைப் பார்க்க மறந்துவிட்டீர்கள். நமக்கு ஜூன் என்றால் புதிய ஆண்டு, புதிய நோட்டு, மண்வாசனை. அங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கி மூன்று மாதம் நடக்கும். ஜூலையும் ஆகஸ்டும் கோடை விடுமுறை. வெயில் நாற்பத்தைந்தைத் தொடும் நாட்களில் பள்ளிக் கதவு மூடியிருக்கும். ஜூன் 1 சேர்கிறேன் என்றால் நான்கு வாரம் பாடம் எடுத்துவிட்டு இரண்டு மாதம் விடுமுறையில் இருப்பேன் என்று பொருள். எந்த நிர்வாகி அதற்குச் சம்மதிப்பார்? ஒன்று, ஏப்ரலிலேயே சேரக்கூடிய வேறொருவரைத் தேடுவார். அல்லது ஆகஸ்ட் கடைசியில் வாருங்கள் என்று சொல்லிவிட்டு, அதற்குள் வேறு ஆள் அமைந்தால் உங்களை மறந்துவிடுவார். மகளோடு இருக்கும் மே மாதத்தின் விலை ஐந்து மாதச் சம்பளமாகவோ வேலையாகவோ இருக்கக்கூடும். அந்த விலை உங்களுக்குச் சம்மதமென்றால் அது வேறு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இருபது நாள் கேட்பேன். 2025-இல் பிளஸ் டூ தேர்வு மார்ச் 3-இல் தொடங்கி 25-இல் முடிந்தது. திருத்தும் பணி ஏப்ரல் நடுப்பகுதி வரை நடந்தது. ஏறக்குறைய அதே கணக்கென்றால் ஏப்ரல் மூன்றாம் வாரம் உங்களால் சேர முடியும். மூன்று வாரத்தை எந்தப் பள்ளியும் மாற்று ஆசிரியரை வைத்துச் சமாளித்துவிடும்.

கேட்கும்போது ஒரே தேதியைக் கேளுங்கள். 'ஏப்ரல் இறுதி அல்லது மே முதல் வாரம், இயன்றால்' என்றெல்லாம் குழைந்தால் எதிரில் இருப்பவருக்கு நம்பிக்கை போய்விடும்.

இப்போது நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்த விஷயத்துக்கு வருகிறேன். அசல் சான்றிதழ்கள். உங்கள் உண்மையான தடை முகாம் இல்லை, இதுதான். அமீரகத்தில் ஆசிரியர் வேலைக்குப் பட்டச் சான்றிதழில் அட்டஸ்டேஷன், அதாவது அது அசல்தான் என்று உறுதிசெய்யும் முத்திரைகள், வரிசையாக வேண்டும்: மாநில அரசின் உயர்கல்வித் துறை, பிறகு நம் வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியில் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம். ஓமானுக்கோ பஹ்ரைனுக்கோ போவதென்றால் நம் வெளியுறவு அமைச்சகம் இடும் அப்போஸ்டில் என்ற பன்னாட்டு முத்திரையோடு முடிந்துவிடும், அமீரகத்துக்கு இந்த நீண்ட வழிதான். முத்திரை விழுவது அசல் காகிதத்தின் முதுகில். அது தாளாளரின் இரும்பு பீரோவில் கிடந்தால் முத்திரை எங்கே விழும்? முகாம் முடிந்துதான் தருவேன் என்றால் ஏப்ரல் மூன்றாம் வாரமும் நடக்காது, மே மூன்றாம் வாரமும் சந்தேகம்தான்.

ஆகவே துபாய்க்கு எழுதுவதற்கு முன்னால் தாளாளரிடம் போய் உட்காருங்கள். ராஜினாமாக் கடிதத்தை இன்று கொடுக்கவேண்டாம். முகாம் முடியும்வரை இருப்பதாக எழுதித் தருகிறேன், பதிலாகச் சான்றிதழ்களை இந்த வாரமே கொடுங்கள் என்று கேளுங்கள். அவருக்குத் தேவை பிளஸ் டூ ரிசல்ட், உங்கள் பி.எட். சான்றிதழை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப் போகிறார்? மறுத்தால், ஒருவரின் கல்விச் சான்றிதழைப் பிணைபோலப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதை மெதுவாக நினைவுபடுத்துங்கள். மெதுவாகத்தான். உங்களுக்கு அவரிடமிருந்து அனுபவச் சான்றிதழும் வேண்டும்.

இன்னொரு கடிகாரமும் உண்டு. அமீரகத்தின் வேலைக்கான நுழைவு அனுமதி வழங்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். பள்ளி நிர்வாகம் ஏப்ரல் 1-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு பிப்ரவரி தொடக்கத்திலேயே அனுமதி எடுத்துவிட்டால், நீங்கள் பிறகு தவணை கேட்கும்போது அவர்கள் செலவு செய்த காகிதம் காலாவதியாகும் நிலைக்கு வந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், பயந்துகொண்டு தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே கேட்டால் அவர்களுக்குத் திட்டத்தில் ஒரு திருத்தம், அவ்வளவுதான். மார்ச் 20-இல் கேட்டால் வகுப்பில் ஆள் இல்லை.

கடிதம் சிறியதாக இருக்கட்டும். ஆங்கிலத்தில் நீங்களே எழுதிவிடுவீர்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"தங்கள் பள்ளியில் சேரக் கையெழுத்திட்டிருக்கிறேன், அதில் மாற்றமில்லை. ஏப்ரல் 1-க்குப் பதில் ஏப்ரல் 20 அன்று சேர அனுமதி வேண்டுகிறேன். என் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மார்ச் இறுதிவரை அரசுப் பொதுத்தேர்வு. அதன்பின் விடைத்தாள் திருத்தும் பணி. அவை முடியும்வரை என்னை விடுவிக்க இயலாது என்று பள்ளி தெரிவித்துள்ளது. இடைப்பட்ட வாரங்களுக்கான முதல் அலகின் பாடத்திட்டமும் பயிற்சித்தாள்களும் மார்ச் 25-க்குள் அனுப்பிவைப்பேன். சான்றிதழ் அட்டஸ்டேஷன் வேலையைத் தொடங்கிவிட்டேன். தங்களுக்குச் சம்மதமெனில் திருத்திய தேதியை எழுத்தில் அளிக்க வேண்டுகிறேன்."

கடைசிக்கு முந்தைய வாக்கியம் உண்மையாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் தாளாளரை முதலில் பார்க்கச் சொன்னேன். பாடத்திட்டம் அனுப்புவதாகச் சொல்வதை வெறும் மரியாதை வார்த்தை என்று நினைக்காதீர்கள். இங்கே உலோகவியலில் தொடங்கிப் பழகியவர் நீங்கள். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு கரைசல்களில் தொடங்குகிறது. அந்தப் பாடத்தை எப்படியும் தயார்செய்யத்தான் போகிறீர்கள், அதை இருபது நாள் முன்னால் செய்யப் போகிறீர்கள்.

'சிரமத்துக்கு மன்னிக்கவும்' என்பதை மூன்று முறை எழுதும் வழக்கம் நம் ஆசிரியர்களிடம் உண்டு. ஒரு முறைகூடத் தேவையில்லை. மகளைப் பற்றியும் எழுதவேண்டாம். அது பொய்யில்லை, ஆனால் அவர்கள் கேட்காத உண்மை. இரண்டு காரணம் சொன்னால் படிப்பவர் பலவீனமானதைத்தான் பிடித்துக்கொள்வார்.

ஏஜென்டைப் பற்றி. தேதியை மாற்றப் பதினைந்தாயிரமா? ஒரு மின்னஞ்சலுக்கா? பள்ளியின் முதல்வருக்கு நேராக எழுதி, ஏஜென்டுக்கு ஒரு பிரதி போடுங்கள், போதும். அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவை வேலை கொடுப்பவர்தான் ஏற்கவேண்டும். இங்கேயும் உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய மொத்தக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். அவருடைய உரிம எண்ணைக் கேளுங்கள்; கேட்டவுடன் குரல் மாறினால் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது.

ஒருவேளை பள்ளி, ஏப்ரல் 1 அல்லது வேலை இல்லை என்று சொல்லிவிட்டால்? அப்போது பந்து தாளாளர் பக்கம். தேர்வு முடிந்த மறுநாள் விடுவித்துவிட்டு, முகாமுக்கு வேறொருவரை அனுப்ப அவர் முயன்று பார்க்கட்டும். அந்தப் பேச்சையும் இப்போதே லேசாகத் தொடங்கி வைக்கலாம். எழுத்தில் பதில் வரும்வரை மட்டும் ராஜினாமா வேண்டாம், விமான டிக்கெட் வேண்டாம், ஆசிரியர் அறையில் பிரியாணி விருந்தும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள். அங்கே அன்று பள்ளி முற்பகலோடு முடிந்துவிடும், அதன்பின் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலை அனுப்புங்கள். இங்கே ஒன்பது மணி என்றால் அங்கே ஏழரை, முதல்வர் அப்போதுதான் கணினியைத் திறந்திருப்பார்.

பதில் வந்ததும் எழுதுங்கள். செய்முறைத் தேர்வுக்குப் பிள்ளைகள் தயாராகிவிட்டார்களா?