வாசகர் கேள்விகள்: லெக்சிங்டன், கான்கார்டு – 1775

1775 ஏப்ரல் 19 அன்று அமெரிக்கக் குடியானவர்கள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து குறிபார்த்துச் சுட்டதால்தான் பிரிட்டிஷ் படை தோற்றதாமே, உண்மையா?
– வாசகர், நாமக்கல்

அரைகுறை உண்மை. லெக்சிங்டனும் கான்கார்டும் பாஸ்டன் அருகே உள்ள ஊர்கள்; அமெரிக்க விடுதலைப் போர் அங்கேதான் தொடங்கியது. லெக்சிங்டன் திடலில் ஊர்ப்படைக் கேப்டன் ஜான் பார்க்கரின் 77 பேர் திறந்த வெளியில்தான் நின்றார்கள். 8 பேர் இறந்தார்கள். கான்கார்டு வடக்குப் பாலத்துக்குச் சுமார் 400 ஊர்ப்படையினர் வரிசை கட்டித்தான் இறங்கி வந்தார்கள். ஊருக்கொரு கம்பெனி, அதற்கொரு கேப்டன் என்று பழகிய படை அது.

பிரிட்டிஷார் மாட்டிக்கொண்டது திரும்பும் வழியில். கோளாறு முந்தின இரவே தொடங்கிவிட்டது. கான்கார்டில் இருந்த ஆயுதங்களைக் கைப்பற்றப் பாஸ்டனிலிருந்து கிளம்பிய சுமார் 700 பேர் படகில் சார்லஸ் ஆற்றைக் கடந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஈரக் காலோடு சாப்பாட்டுப் பொட்டலத்துக்காகப் பின்னிரவு 2 மணி வரை காத்து நின்றார்கள். கையில் ஏற்கெனவே சாப்பாடு இருந்ததால் பலர் அதைத் தூக்கி எறிந்தார்கள். அதற்குள் சுற்றுவட்டார ஊர்கள் மணியடித்து எழுந்துவிட்டன. கான்கார்டிலிருந்து கிளம்பவும் நடுப்பகலாயிற்று.

சாலையின் இருபுறமும் மேட்டில் நடந்த பக்கக் காவல் அணிதான் அவர்களுக்குக் கவசம். ஆனால் ஓடைப் பாலம் வந்தால் அந்த அணியும் சாலைக்கு இறங்கித்தான் கடக்க வேண்டும். கான்கார்டை அடுத்த மெரியம் முக்கில் அப்படிக் கடந்தபோதுதான் சுடுதல் மறுபடி மூண்டது. ஊர்ப்படையும் தப்பு செய்யாமல் இல்லை. வழியிலிருந்த மெனோட்டமி ஊரில் சாலையையே பார்த்துக்கொண்டு பின்பக்கத்தை மறந்தவர்களை இதே காவல் அணி முதுகுப்பக்கமாக வந்து மடக்கியது; ஜேசன் ரசல் வீட்டில் மட்டும் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். அன்றைய மொத்தச் சாவு: பிரிட்டிஷார் 73, ஊர்ப்படையினர் 49.

முதல் குண்டைச் சுட்டது யார்?
– வாசகி, காரைக்குடி

லெக்சிங்டனில் இரு தரப்பும் எதிராளியைத்தான் கை காட்டின. பார்க்கரின் ஆட்கள் கலையத் தொடங்கிய பிறகே வெடி கேட்டது.

நிமிடத்துக்கு 3 முறை சுடக்கூடிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஏன் திணறினார்கள்?
– வாசகர், தென்காசி

அந்த வேகமே காரணம். காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, துளி மருந்தைத் துப்பாக்கியின் பக்கவாட்டுக் கிண்ணியில் இட்டு மூட வேண்டும். மீதியைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் கம்பியால் கிட்டிக்க வேண்டும். சுடச்சுடக் கரி படிந்து, கிண்ணியிலிருந்து குழலுக்கு நெருப்புப் போகும் பற்றுத்துளை அடைபடும். கிண்ணியில் மருந்து பளிச்சென்று எரியும், குண்டு கிளம்பாது. சக்கிமுக்கிக் கல் மழுங்கினால் பொறியே வராது. 100 கஜத்துக்கு மேல் குறியும் தங்காது.

உதவிக்கு வந்த பெர்சி பிரபு சுமார் 1,000 பேரோடு வந்தார். ஆளுக்கு 36 தோட்டா. நிமிடத்துக்கு 3 என்றால் 12 நிமிடச் சரக்கு! நடை வேகம் குறையும் என்று மருந்து வண்டியை அவர் கூட்டி வரவில்லை. பிறகு அனுப்பப்பட்ட வண்டிகளை மெனோட்டமியில் ஊர்க் கிழவர்கள் மடக்கிவிட்டார்கள். கடைசியில் பெர்சி வந்த வழியை விட்டுவிட்டு, போர்க்கப்பலின் பீரங்கி எட்டும், பாஸ்டனுக்கு எதிர்க்கரையிலுள்ள சார்லஸ்டவுன் பக்கம் படையைத் திருப்பினார்.