மசாஜ் செய்தால் இரண்டு நாள் வலி இல்லை, அப்புறம்?

கேள்வி: எனக்கு வயது 51. நான்கு வருடமாக இடுப்பு வலி. டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக ஸ்கேனில் வந்தது, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். தினமும் கபாபென்டின் என்ற நரம்பு வலி மாத்திரை எடுக்கிறேன். மசாஜ் செய்துகொண்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, மூன்றாம் நாள் பழைய கதைதான். நரம்பு முடிச்சுப் போட்டிருக்கிறது, தொடர்ந்து அழுத்தினால் சரியாகிவிடும் என்கிறார் மசாஜ் செய்பவர். மாத்திரையை நிறுத்திவிட்டு இதையே தொடரலாமா?

பதில்: முதலில் மாத்திரை. நீங்களாக நிறுத்தாதீர்கள். கபாபென்டினைச் சட்டென்று விட்டால் தூக்கம் கெடும், பதற்றம், வியர்வை, குமட்டல் வரும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். குறைக்க வேண்டுமென்றால் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நரம்பு முடிச்சுப் போடாது. கைக்குத் தட்டுப்படுவது இறுகிப்போன தசை. பிதுங்கிய டிஸ்க்கைக் கையால் அழுத்தி உள்ளே தள்ளவும் முடியாது, அதற்காகப் பயப்படவும் வேண்டாம். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும்.

அப்படியென்றால் அந்த இரண்டு நாள் நிம்மதி வெறும் மனப்பிரமையா என்றால், இல்லை. தொடுதலும் அழுத்தமும் தண்டுவடத்திலேயே வலிச் செய்தியைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகின்றன என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-லேயே விளக்கினார்கள், இடித்துக்கொண்ட இடத்தை நாம் தானாகவே தேய்த்துவிடுவதும் அதனால்தான். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில் நரம்பு மண்டலமே அதிகமாக உணரப் பழகிப்போயிருக்கலாம். மசாஜ் அதைக் கொஞ்ச நேரம் அமைதிப்படுத்தும், மாற்றிவிடாது. நாள்பட்ட இடுப்பு வலியில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2015 தொகுப்பும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: குறுகிய காலத்துக்குப் பலன் தெரிகிறது, சில மாதம் கழித்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் நிற்பதில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-ல் மசாஜை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே செய்யச் சொன்னது. எனக்கும் அதே கருத்துதான்.

சரி, அந்த இரண்டு நாளை என்ன செய்கிறீர்கள்? நிறையப் பேர் வலி இல்லாத நாளில், தள்ளிப்போட்ட வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு மறுநாள் படுத்துவிடுகிறார்கள், உங்கள் மூன்றாம் நாள் வலியில் இதற்கும் பங்கு இருக்கலாம். அதற்குப் பதில், மசாஜ் முடிந்த அன்று மாலை பத்து நிமிடம் நடங்கள், மறுநாள் பதினைந்து. அப்புறம் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள், எட்டுப் பத்து முறை போதும். வலி திரும்பிய நாளிலும் சுத்தமாக விட்டுவிடாமல் பாதியாவது செய்யுங்கள்.

ஓங்கி அழுத்தினால்தான் பலன் என்பது தப்பு. அழுத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள், பல்லைக் கடிக்கிறீர்கள் என்றால் அது அதிகம், உடனே சொல்லிவிடுங்கள், சங்கடப்பட வேண்டாம். ஒன்றிரண்டு நாள் உடம்பு லேசாக வலிப்பது சகஜம். கன்றிப்போய் நீலம் பாரிப்பது சகஜம் இல்லை. கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடுக்கெடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அரிதாக ரத்தக்குழாயே கிழிந்துவிடும்.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், புற்றுநோய் வந்தவர்கள், சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் மசாஜுக்குப் போகக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அதைத் தேய்க்கவே கூடாது, உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். இடுப்பு வலியோடு சிறுநீர் பிரியாமல் போனாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, கால் பலம் இழந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் ஆறு வாரம் மசாஜையும் நடையையும் சேர்த்துச் செய்து பாருங்கள். வலி எவ்வளவு என்று தினமும் குறிப்பதைவிட, எவ்வளவு நேரம் நடந்தீர்கள், எவ்வளவு நேரம் உட்கார முடிந்தது என்று எழுதிவையுங்கள். அந்த நேரம் கொஞ்சமும் அதிகமாகவில்லையென்றால் மசாஜை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.