வாசகர் கேள்வி – பதில்: முடிவுக்கு வராத நாவல்கள்

நாவல் எழுதுவது தொடர்பாக வன்னியிலிருந்து வந்த கேள்விகள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் இப்பக்கத்தை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மாங்குளத்தில் தொடங்கி முள்ளிவாய்க்கால் வரை ஒரு குடும்பம் இடம்பெயர்ந்த கதையை எழுதுகிறேன். கையெழுத்தில் 600 பக்கங்களைத் தாண்டிவிட்டது. எதை வெட்டினாலும் நடந்த ஒன்றை மறைப்பதுபோல் மனம் குத்துகிறது, முடிக்கவும் முடியவில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், மாங்குளம்)

பதில்: ஒரே கொப்பிக்குள் இரண்டு வேலைகளைச் செய்ய முயல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நடந்தவற்றை விடுபடாமல் பதிவது சாட்சி சொல்பவரின் கடமை. அந்த நிகழ்வுகளுக்குள் அகப்பட்ட ஒரு மனிதர் எவ்வாறு வேறொருவராக மாறிப்போனார் என்பதைக் காட்டுவதே நாவலாசிரியரின் வேலை; அதற்கு உதவாத நிகழ்வு எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் நாவலில் அதற்கு இடமில்லை.

2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமானதற்கு முன்னும் பின்னுமாக, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று சனம் நகர்ந்த வழி இங்குள்ள எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வழியை அப்படியே அத்தியாய வரிசையாக்கும்போது ஊர்ப்பெயர் மாறுகிறதே தவிரக் காட்சி மாறுவதில்லை. வருகிறார்கள், தறப்பாள் கட்டுகிறார்கள், பங்கர் (பதுங்குகுழி) வெட்டுகிறார்கள், செல் விழுகிறது, மறுபடியும் மூட்டை கட்டுகிறார்கள்.

பங்கரையே எடுத்துக்கொள்வோம். ஆறு இடங்களில் பங்கர் வெட்டும் காட்சி இருக்கிறது என்று வையுங்கள். முதலாவதை விரிவாக எழுதுங்கள்: மரக்குற்றிகளை நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை போட்டு, இறங்குவதற்குப் படியும் வெட்டி, தகப்பன் அதை ஒரு வீடு கட்டும் ஒழுங்கோடு செய்து முடிக்கட்டும். கடைசியையும் விரிவாக எழுதுங்கள்: கடற்கரை மணல் வெட்ட வெட்டச் சரிகிறது, போடுவதற்குக் குற்றி இல்லை, சாக்கும் இல்லாததால் சேலைகளை மூட்டையாகத் தைத்து மணலை நிரப்புகிறார்கள். தாய் தன் கூறைச்சேலையைத் தானே எடுத்துக் கொடுக்கிறாளா, அல்லது கேட்காமலே மகள் அதைக் கிழிக்கிறாளா, அந்த நேரம் தகப்பன் எங்கே நிற்கிறார் என்பவற்றில்தான் உங்கள் கதை இருக்கிறது. இடையிலுள்ள நான்கு பங்கர்களும் ஒரே பந்திக்குள் அடங்கிவிடும்.

வெட்டிய பக்கங்களை எறிந்துவிட வேண்டாம். திகதி, இடம், உடனிருந்தோர் விபரங்களோடு தனிக் கொப்பியில் எழுதி வையுங்கள். அவற்றை நினைவுக்குறிப்பாகப் பின்னர் வெளியிடலாம். 2005 இல் தொடங்கப்பட்ட, ‘நூலகம்’ என்ற பெயருடைய இணையவழி எண்ணிம நூலகம் போன்றவை ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் சேகரித்துப் பேணிவருகின்றன. அந்தப் பக்கங்களுக்கு வேறோர் இடம் உண்டு என்று தெரிந்தால் வெட்டும் கை அவ்வளவு நடுங்காது.

முடிவு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது என்பதற்காக நாவலும் அங்கேயே முடிய வேண்டும் என்று சட்டமில்லை. அவ்வாறு முடிக்கப் புறப்படும் பிரதிகள் பலவற்றில், கடைசிப் பக்கங்களில் பாத்திரங்கள் மறைந்து செய்திகளே மிஞ்சிக் கிடக்கின்றன. அந்தத் தகப்பன் மனதில் என்ன கேள்வியோடு மாங்குளத்தைவிட்டுப் புறப்பட்டாரோ, அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் இடமே, அல்லது விடை கிடையாது என்று அவர் உணரும் இடமே முடிவாகும். அது செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் நேரமாகவோ, மீளக்குடியேறிய பின் காணி உறுதியைத் தேடி அலையும் நாளாகவோ இருக்கலாம். அந்தக் கேள்வியை ஒரு வரியில் சொல்ல உங்களால் இயலாவிட்டால், முடிவை இப்போது எழுத உட்காராமல், முதல் மூன்று அத்தியாயங்களைத் திரும்ப வாசியுங்கள்.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. பாடசாலை, பிள்ளைகள், வயல் என்று ஒரு மாதம் எழுதாமல் விட்டால், கதைக்குள் மீண்டும் நுழைய முடிவதில்லை. (வாசகி, மல்லாவி)

பதில்: தினமும் எழுதாதவர் எழுத்தாளரே அல்லர் என்ற உபதேசம், வேளாவேளைக்குச் சாப்பாடு மேசைக்கு வந்துசேரும் வீடுகளில் பிறந்தது; அதை விட்டுவிடுங்கள். காட்சியை முழுமையாக முடித்துவிட்டுக் கொப்பியை மூடாமல், அடுத்து நடக்கப்போவது தெளிவாகத் தெரியும் இடத்தில் பாதியிலேயே நிறுத்தி, அடுத்த இரண்டு வரிகளைக் குறிப்பாக எழுதி வையுங்கள். பெரும்போக அறுவடை முடிந்து திரும்பும்போது முதலாம் அத்தியாயத்திலிருந்து திருத்தத் தொடங்க வேண்டாம். பலருடைய பிரதிகளில் முதல் அத்தியாயம் பட்டுப்போல இருக்க, கடைசி அத்தியாயம் எழுதப்படாமலே கிடப்பதற்குக் காரணம் இந்தப் பழக்கந்தான்.

கேள்வி: அச்சகத்தில் பிழை திருத்தித் தருவார்கள் என்கிறார்கள். அது போதுமா? செம்மையாக்கம் செய்பவர்கள் எங்கள் பக்கத்தில் கிடைப்பது அரிது. (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: போதாது. மெய்ப்புப் பார்ப்பவர் ஒற்றுப்பிழையைத் திருத்துவார். உங்கள் நாயகி 1998 இல் ஏ9 வீதியால் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போவதை அவர் கவனிக்கமாட்டார். அந்த வீதி 2002 ஆம் ஆண்டு யுத்த நிறுத்தத்தின் பின்னரே மக்களுக்குத் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடப்பட்டது. அவ்வாறே பாலைப்பழம் மார்கழி மழையில் பழுப்பதில்லை. பெரும்போக நெல்லை ஐப்பசியில் அறுப்பதுமில்லை. ஆகவே, ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் எந்த ஆண்டு, எந்த மாதம், யாருக்கு எத்தனை வயது, வயலில் என்ன நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்து வைத்துச் சரிபாருங்கள்.

பிறகு பிரதியை இருவரிடம் கொடுங்கள். ஒருவர் உங்கள் ஊரில் நெடுங்காலம் வாழ்ந்தவராகவும், மற்றவர் வன்னியைக் கண்டிராதவராகவும் இருப்பது நல்லது. “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் இருவரும் “நல்லாயிருக்கு” என்றே சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு எழும்பினீர்கள் என்று கேளுங்கள். இருவரும் ஒரே பக்கத்தைச் சொன்னால், அங்கே வாதாட எதுவுமில்லை.

கேள்வி: திருத்தி முடித்த நாவலைப் பாமினி எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற்றியபோது புதிய பிழைகள் முளைத்துவிட்டன. ஏன்? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: அவை முன்னரே இருந்தவை, கண்ணுக்குத் தெரியவில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. அதில் ‘ர’ என்ற எழுத்தும் நெடிலுக்குரிய கால் குறியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், தட்டச்சு செய்பவர் ஒன்றுக்கு மற்றதை அடித்தாலும் தாளில் வேறுபாடு தெரியாது. மாற்றிய பின்னரே ‘காடு’ என்பது ‘கரடு’ என்று வந்து நிற்கும். இடையில் ஆங்கில எழுத்துகள் இருந்தால் அவையும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். எனவே முதலில் மாற்றிவிட்டு, அதன் பிறகே மெய்ப்புப் பாருங்கள். ‘கரடு’ என்பதும் தமிழ்ச் சொல்லாகவே இருப்பதால் சொற்பிழை திருத்தியை நம்ப இயலாது. ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் பிரதியைப் பார்த்துவருவதே வழி.