கன்டெய்னருக்கு இ-சீல் போட்டால் சரக்கு பத்திரமா?

ஸ்ரீபெரும்புதூரில் ஏற்றும் சரக்கு சென்னைத் துறைமுகம் போய்ச் சேர கன்டெய்னர் கதவில் மாட்டும் மின்னணு முத்திரையான இ-சீல் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தொழிற்சாலையிலேயே சீல் வைக்கும் ஏற்றுமதியாளர்களுக்காக 2017-இல் சுங்கத்துறை கொண்டுவந்த இந்த ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலை மூலம் படிக்கும்) சீல், யாராவது வெட்டியிருந்தால் அதைப் படிக்கும் கருவியான ரீடரில் காட்டிக்கொடுக்கும். அவ்வளவுதான். லாரி வழியில் எங்கே நின்றது என்று சொல்லாது. அதற்கு ஜிபிஎஸ் வேண்டும்.

அப்புறம், கைதேர்ந்த திருடன் சீலைத் தொடவே மாட்டான். கதவுக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவெட்டை (இணைப்பு ஆணியை) கழற்றிச் சரக்கை எடுத்துவிட்டு, புது ரிவெட் அடித்துப் பெயின்ட்டும் பூசிவிடுவான். சீல் அப்படியே சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும்! அதனால் கேட்டில் நிற்பவர் சீல் எண்ணைச் சரிபார்ப்பதோடு, சீலை இழுத்து, முறுக்கிப் பார்க்க வேண்டும். ரிவெட்டையும் விரலால் தடவிப் பார்க்கட்டும். பெயின்ட் ஒட்டினால் லாரியை நிறுத்துங்கள்.