விடியற்காலையில் போனால் குட்டை காலி!

கேள்வி: இலையுதிர் காலத்தில் கடலோரக் குட்டைகளில் பறவைகள் குவியும் என்று படித்துவிட்டு விடியற்காலையிலேயே போனேன். நாலைந்து கடற்காகங்கள் தவிர ஒன்றுமில்லை. அதே குட்டையில் அன்று மதியம் இன்னொருவர் நூற்றுக்கணக்கில் பார்த்தாராம்! எங்கே தப்பு?

பதில்: தோப்பு, காட்டுக்குத்தான் விடியற்காலை. கடலோரத்தில் ஓதத்தை, அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். கடல் வற்றியிருக்கும்போது உள்ளான், மூக்கன், உப்புக்கொத்தி போன்ற கரையோரப் பறவைகள் எல்லாம் வெளியே சேற்றுப்பரப்பில் மேய்ந்துகொண்டிருக்கும். நீர் ஏறி அந்தச் சேறு முழுகினால்தான் ஒதுங்க இடம் தேடிக் குட்டைக்கு வரும். அதனால் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் உச்சத்தைத் தொட ஒன்றரை, இரண்டு மணி நேரம் இருக்கும்போதே போய் உட்கார்ந்துவிடுங்கள், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி. கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்ப்பதிலேயே பாதி சுகம். அமாவாசை, பௌர்ணமியும் அதற்கடுத்த ஓரிரு நாட்களும் இன்னும் நல்லது, அப்போது ஓதம் அதிகம் ஏறும்.

கேள்வி: சரி, பறவைகள் இருந்தாலும் எல்லாமே பழுப்பாகவும் சாம்பலாகவும் தெரிகின்றன. பறவைக் கையேட்டில் இருக்கிற வண்ணங்கள் எங்கே போயின?

பதில்: எனக்கும் முதல் வருடம் இதே எரிச்சல்தான். கையேட்டில் முதலில் கண்ணில் படுவது இனப்பெருக்கக் காலத்து உடுப்பு. இப்போது ஆண் வாத்துகள் பலவும் இறகு உதிர்த்து, பெட்டை போலவே இருக்கும். நிறத்தை விடுங்கள், உருவத்தைப் பாருங்கள்: தட்டைவாயன் வாத்தின் கரண்டி மூக்கையும் ஊசிவால் வாத்தின் நீளக் கழுத்தையும் எந்த உடுப்பும் மறைக்காது. சிறகு விரித்தால் தெரியும் பளபளப்பான பட்டையும் உதவும்.

கரையோரப் பறவைகளை அவை சாப்பிடும் விதத்தை வைத்தே பாதி பிரித்துவிடலாம். உப்புக்கொத்தி கண்ணால் தேடும்: ஓடும், நிற்கும், டக்கென்று ஒரு கொத்து. மூக்கன் தன் நீள அலகைச் சேற்றுக்குள் ஆழமாகச் செருகித் துழாவும். கோணமூக்கு உள்ளான், மேல்நோக்கி வளைந்த அலகால் தண்ணீரை இடமும் வலமும் அரிந்துகொண்டே நடக்கும், ஒருதரம் பார்த்தால் மறக்காது. இறகு ஓரமெல்லாம் வெளிறி, செதில் அடுக்கியதுபோல் புத்தம்புதிதாக இருந்தால் அது பெரும்பாலும் இந்த வருடத்துக் குஞ்சு; பெரியவை பல இனங்களில் முன்னாடியே கிளம்பிவிடும், இவை பின்னால் வரும்.

கடற்காகம்தான் தலைவலி. சின்ன இனங்கள் முழுதாய் வளர்ந்த உடுப்புக்கு வர இரண்டு வருடம், பெரிய இனங்களுக்கு நாலு வருடம், ஒவ்வொரு வயதுக்கும் ஓர் உடுப்பு. வாலின் நுனியில் கறுப்புப் பட்டை இருந்தால் இளசு என்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். அவசரமில்லை.

கேள்வி: எவ்வளவு கிட்டப் போகலாம்?

பதில்: பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அதற்கு மேல் ஓர் அடிகூட வேண்டாம், பின்வாங்குங்கள். 2022இல் பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன், முதுகில் இடங்காட்டும் கருவியோடு அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்தது. நீங்கள் பார்க்கும் பறவையும் எங்கிருந்து வந்ததோ, இன்னும் எவ்வளவு போக வேண்டுமோ. போட்டோவுக்காக அதை எழுப்பிவிடாதீர்கள்.