ஜெபித்தும் எதுவும் மாறாதபோது விசுவாசத்துக்கும் நம்பிக்கைக்கும் என்ன பொருள்?

ரொம்ப நாளாக ஜெபித்தும் எதுவும் மாறவில்லை, என் விசுவாசம்தான் குறைவா, இனி எதை நம்பிக் காத்திருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டது கிடைக்காவிட்டால் விசுவாசம் போதவில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒருவருடைய சுகத்துக்காக எல்லோரும் ஜெபித்தோம். அவர் இறந்த பிறகு என்னிடமும் ஒருவர் அதையே சொன்னார். தயவுசெய்து அந்தப் பேச்சை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். வேதாகமத்தில் எபிரெயர் நிருபம் 11-ஆம் அதிகாரத்தில், பட்டயத்துக்கு, அதாவது வாளுக்கு, தப்பினவர்கள் 34-ஆம் வசனத்தில் வருகிறார்கள். பட்டயத்தால் வெட்டுண்டு மரித்தவர்கள் 37-இல் வருகிறார்கள். அத்தனை பேரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்கிறது 39-ஆம் வசனம். அதே வசனம்தான், வாக்குப்பண்ணப்பட்டதை அவர்கள் அடையவில்லை என்றும் சொல்கிறது.

விசுவாசம் என்பது தேவன் யார் என்று அறிந்து அவர்மேல் சாய்வது. நாளை என்ன நடக்கும் என்று தெரியாதபோதும் அவரை விடாமல் அந்த நாளைக்காக இன்று ஒன்றைச் செய்வதை நான் நம்பிக்கை என்பேன். இதற்கு எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 32-ஆம் அதிகாரத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிப்பேன். பாபிலோன் சேனை எருசலேமை வளைத்து நிற்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில், ஆனதோத் ஊரில் உறவினருக்கு இருந்த நிலத்தை 17 சேக்கல் வெள்ளி எடைபோட்டுக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, அது நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். எதிரி கைக்குப் போகப்போகிற நிலம்! அப்புறம் அவரே, நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் விழும்போது நிலத்தை வாங்கச் சொன்னீரே என்று தேவனிடம் கேட்கிறார். பணத்தைக் கொடுத்த பிறகும் அவருக்குக் கேள்வி இருந்தது. தேவன் அதற்காக அவரைத் தள்ளிவிடவில்லை, பதில் சொன்னார்.

நகரம் விழுந்தது. எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நிலத்தில் அவர் பயிரிட்டதாக வேதத்தில் எங்கும் இல்லை. ஆனால் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டு, பிற்காலத்தில் திரும்பியவர்களின் பட்டியலில், எஸ்றா 2:23-இல், ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று இருக்கிறது.

அதனால் உங்கள் விசுவாசத்தை அளந்து பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால், மாற்கு 9:24-இல் மகனுக்காக அழுத தகப்பனின் ஜெபம் போதும்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இயேசு அந்தப் பிள்ளையைச் சுகமாக்கினார்.