டிஸ்க் பெட்டகம்: எது எந்த ஸ்லாட்டில்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரோபோ கை ஒன்று நூற்றுக்கணக்கான சிடி, டிவிடி, ப்ளூ-ரே போன்ற டிஸ்க்குகளை எடுத்து, டிரைவில் போட்டு, படித்து முடித்ததும் அதனதன் ஸ்லாட்டில், அதாவது டிஸ்க்குக்கான இடுக்கில், திரும்ப வைக்கும் தானியங்கிப் பெட்டகங்களைப் பற்றித்தான் இந்த முறை எல்லாக் கேள்விகளும். ஜூக்பாக்ஸ் என்றும் டிஸ்க் லைப்ரரி என்றும் சொல்வது இவற்றைத்தான். வந்த கேள்விகளைச் சேர்த்துப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. டிஸ்க்கைப் பூட்டி வைப்பதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். எந்த டிஸ்க் எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் பதிவேட்டைத்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: மின்சாரம் போனபோது ரோபோ கை ஒரு டிஸ்க்கைப் பிடித்தபடியே நின்றுவிட்டது. கதவைத் திறந்து அதை எடுத்து, காலியாக இருந்த ஒரு ஸ்லாட்டில் வைத்தேன். இப்போது ஒரு டிஸ்க்கைக் கேட்டால் இன்னொன்று வருகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா சார்?

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். குழம்பியிருப்பது கணக்கு. பெட்டகத்துக்கு டிஸ்க்கின் முகம் தெரியாது, விலாசம்தான் தெரியும். ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும், டிரைவுக்கும், ரோபோ கைக்கும் ஓர் எண் உண்டு. "37-ல் இருப்பதை எடுத்து முதல் டிரைவில் வை" என்றுதான் மென்பொருள் கட்டளை கொடுக்கிறது. நீங்கள் காலி என்று நினைத்த ஸ்லாட் பெரும்பாலும் காலி இல்லை. அதற்குரிய டிஸ்க் அந்த நேரம் ஏதாவது ஒரு டிரைவுக்குள் இருந்திருக்கும். அதன் இடத்தில் வேறொன்றை உட்கார வைத்துவிட்டீர்கள்.

முதலில் எல்லா வேலைகளையும் நிறுத்துங்கள். முக்கியமாக எழுதும் வேலைகளை. மறுமுறை எழுதக்கூடிய டிஸ்க் என்றால், தவறான டிஸ்க்கின் மேல் எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. அப்புறம் முழுச் சரக்கெடுப்பு ஒன்றை, அதாவது எந்த ஸ்லாட்டில் எந்த டிஸ்க் என்று பெட்டகமே கணக்கெடுப்பதை, ஓட விடுங்கள். மெனுவில் இன்வென்டரி என்று இருக்கும். டிஸ்க்கிலோ அதன் உறையான கார்ட்ரிட்ஜிலோ பார்கோடு இருந்தால் ரோபோ கை வரிசையாகப் படித்துக்கொண்டே போய்ச் சீக்கிரம் முடித்துவிடும். பார்கோடு இல்லையென்றால், ஸ்லாட்டில் டிஸ்க் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் சென்ஸாருக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் டிரைவில் ஏற்றி, உள்ளே எழுதியிருக்கும் வால்யூம் பெயரை, அதாவது டிஸ்க்குக்கு நாம் வைத்த பெயரை, படித்தாக வேண்டும். ஒரு டிஸ்க்குக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலே 500 டிஸ்க்குக்கு 8 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதனால்தான் பார்கோடு விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

வால்யூம் பெயரிலும் கவனம் வேண்டும். எல்லா டிஸ்க்குக்கும் 'பேக்கப்' என்றே பெயர் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி வைத்தால் ஏற்றிப் படித்தும் பயனில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி எண் வேண்டும். பார்கோடும் வால்யூம் பெயரும் ஒன்றாகவே இருந்தால் இன்னும் நல்லது.

இனி இப்படி ஆனால் கதவைத் திறக்க அவசரப்படாதீர்கள். ரோபோ கையைக் கையால் தள்ளவே கூடாது. மின்சாரம் வந்ததும் பல பெட்டகங்கள் தாமாகவே கையை அதன் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோய், பிடியில் டிஸ்க் இருப்பதையும் கண்டுபிடித்துவிடும். டிஸ்க்கை வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதும் எப்போதும் அதற்கென்று இருக்கும் வாசல் ஸ்லாட் வழியாகத்தான் நடக்க வேண்டும். அந்த வழியில் போனால் ஒவ்வொரு நகர்வும் தானாகவே பதிவாகிவிடும். பெட்டகத்தை யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

கேள்வி: பெட்டகம் பூட்டிய அறையில் இருக்கிறது, பெட்டகத்துக்கும் பூட்டு இருக்கிறது. இதற்கு மேல் டிஸ்க்கில் உள்ளதை மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்ய வேண்டுமா?

வேண்டும். பூட்டு காப்பது பெட்டகத்தை மட்டும்தான். டிஸ்க் வெளியே போகப் பிறந்த பொருள். இரண்டாவது பிரதி வேறு கட்டடத்துக்குப் போகும், பழுதான டிரைவைச் சர்வீஸுக்கு அனுப்பும்போது உள்ளே ஒரு டிஸ்க் மாட்டிக்கொண்டிருக்கும், பெட்டகம் நிரம்பியதும் பழைய டிஸ்க்குகள் அலமாரிக்குப் போகும். சட்டைப் பையில் போகும் ஒரு ப்ளூ-ரே டிஸ்க்கில் 25 முதல் 128 ஜிகாபைட் வரை தகவல் இருக்கலாம். எழுதும் முன்பே ஏஇஎஸ்-256 என்ற பொதுவான முறையில், சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துவிட்டால் அந்த டிஸ்க் யார் கையில் கிடைத்தாலும் வெறும் பிளாஸ்டிக் தட்டுதான்.

சாவியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. பூட்டின் சாவி அல்ல, மறையாக்கத்தைத் திறக்கும் ரகசியக் குறியீடு. ஒருமுறை மட்டும் எழுதும் டிஸ்க்கில் இருப்பதைப் பிறகு வேறு சாவிக்கு மாற்ற முடியாது. எழுதிய அன்றைய சாவிதான் அந்த டிஸ்க்கின் ஆயுள் முழுவதற்கும். 20 வருடம் வைத்திருக்க வேண்டிய டிஸ்க் என்றால் சாவியும் 20 வருடம் இருக்க வேண்டும். நான் நேரில் பார்த்த ஓர் இடத்தில் சாவிகள் எல்லாம் ஒரே சர்வரில் இருந்தன. அந்த சர்வரின் பேக்கப்பும் அதே சாவிகளால் மறையாக்கம் செய்யப்பட்டு அதே பெட்டகத்துக்குள் இருந்தது. சர்வர் போனதும், பூட்டிய பெட்டிக்குள்ளேயே அதன் சாவியும் இருப்பது போல ஆகிவிட்டது. டிஸ்க் ஒன்றில்கூடக் கீறல் இல்லை, ஆனால் ஒன்றையும் படிக்க முடியவில்லை. அன்று அங்கே நின்றவர்களின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. சாவிகளின் ஒரு பிரதியைப் பெட்டகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத இடத்தில் வையுங்கள். அந்தப் பிரதியில் உள்ள சாவியைக் கொண்டு ஒரு டிஸ்க்கையாவது திறந்து பார்க்கும் ஒத்திகையை வருடத்துக்கு ஒருமுறை நடத்துங்கள்.

இதிலேயே ஒரு நன்மையும் உண்டு. ஒருமுறை எழுதியதை அழிக்க முடியாத டிஸ்க்கில், ஒருவரின் தகவலை மட்டும் நீக்கச் சொன்னால் என்ன செய்வது? தகவல் தொகுதி ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி வைத்திருந்தால், அந்தச் சாவியின் எல்லாப் பிரதிகளையும் அழித்தால் போதும், அந்தத் தகவலை இனி யாராலும் படிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்றால் இது முடியாது.

கேள்வி: முன்பக்கப் பலகையில் யார் வேண்டுமானாலும் பொத்தானை அமுக்கி டிஸ்க்கை வெளியே எடுத்துவிடுகிறார்கள். தடுக்க வழி உண்டா?

உண்டு. பெரும்பாலான பெட்டகங்களில் பலகைக்குக் கடவுச்சொல் வைக்கலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். டிரைவிலிருந்தும் வாசல் ஸ்லாட்டிலிருந்தும் டிஸ்க்கை எடுக்க விடாதே என்று மென்பொருள் வழியாகவே கட்டளை கொடுக்க முடியும். எடுக்கும் உரிமையை இரண்டு மூன்று பேருக்கு மட்டும் கொடுத்து, யார் எப்போது எடுத்தார் என்பது தானாகப் பதிவாகும்படி வையுங்கள்.

கேள்வி: எங்கள் டிஸ்க்குகள் எல்லாம் ஒருமுறை மட்டும் எழுதும் வகை. அப்படியானால் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பற்றிக் கவலைப்பட வேண்டாம்தானே?

டிஸ்க்கில் ஏற்கெனவே எழுதியவற்றை ரான்சம்வேரால் மாற்ற முடியாது, அது உண்மை. ஆனால் உங்கள் அமைப்பு டிஸ்க் மட்டும் இல்லை. டிஸ்க்கில் எழுதும் முன் ஃபைல்கள் தங்கியிருக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்று இருக்கும். எந்த ஃபைல் எந்த டிஸ்க்கில் என்று சொல்லும் தரவுத்தளம் ஒன்று இருக்கும். பெட்டகத்தை இயக்கும் சர்வர் இருக்கும். மூன்றும் தாக்குதலுக்கு ஆளாகக்கூடியவை. தரவுத்தளம் போய்விட்டால், 500 டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பட்டியல் போட வேண்டிய நிலை வரும். ஒரு ஃபைல் இரண்டு டிஸ்க்குகளில் பிரிந்து கிடந்தால் இன்னும் சிக்கல்.

அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுதி முடித்து மூடும்போது, அதிலுள்ள ஃபைல்களின் பட்டியலையும், ஃபைல் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண்களையும் அதே டிஸ்க்கில் எழுதுங்கள். தரவுத்தளத்தின் முழுப் பிரதியைக் குறித்த இடைவெளியில் தனி டிஸ்க்கில் எழுதி, பெட்டகத்துக்கு வெளியே வையுங்கள். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை (கோப்பு அமைப்பு) யுடிஎஃப் போன்ற பொதுத் தரமாக இருந்தால், பெட்டகமே இல்லாமல் போனாலும் சாதாரண டிரைவில் போட்டுப் படிக்கலாம். ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்கு மட்டுமே புரியும் வடிவத்தில் எழுதும் பெட்டகத்தை வாங்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

கேள்வி: பெட்டகத்தை வேறு மாடிக்கு மாற்றப் போகிறோம். டிஸ்க்குகளை உள்ளேயே விட்டுவிடலாமா?

கூடாது. ஸ்லாட்டில் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு சின்ன வில்லோ தாழ்ப்பாளோதான். நேராக நிற்கும் பெட்டகத்துக்கு அது போதும். சாய்த்துத் தூக்கும்போது அதை நம்ப முடியாது. ஒரு டிஸ்க் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போதும், முதல்முறை நகரும் ரோபோ கை அதில் மோதி டிஸ்க்கோடு சேர்ந்து தானும் பழுதாகும். பல ஸ்லாட்டுகள் சேர்ந்த மேகசின் என்னும் கழற்றும் தட்டுகளை எண் ஒட்டி வெளியே எடுங்கள். டிரைவுகள் காலியா என்று பாருங்கள். ரோபோ கையைப் போக்குவரத்துக்கான திருகால் கட்டிவையுங்கள். புதிய இடத்தில் தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேகசின்களை அதே வரிசையில் செருகி, முழுச் சரக்கெடுப்பு நடத்துங்கள். காந்தமும் லேசரும் சேர்ந்து எழுதும் பழைய காந்த-ஒளி கார்ட்ரிட்ஜுகள் என்றால் ஏ பக்கம், பி பக்கம் மாறாமல் வையுங்கள்.

கேள்வி: டிஸ்க்கில் மார்க்கரால் எழுதலாமா, ஸ்டிக்கர் ஒட்டலாமா?

ஸ்டிக்கர் வேண்டாம். வேகமாகச் சுழலும்போது எடை சமன் கெடும், ஓரம் உரிந்தால் டிரைவுக்குள் சிக்கும். நடுவில் உள்ள கண்ணாடி போன்ற வளையத்தில், டிஸ்க்குக்கென்று விற்கும் நீர் மை பேனாவால் எண்ணை மட்டும் எழுதுங்கள். சிடியில் தகவல் அடுக்கு லேபிள் பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது, பால்பாயின்ட் பேனா அழுத்தினாலே கெடும். ப்ளூ-ரேயில் நிலைமை தலைகீழ். படிக்கும் பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் தகவல் இருக்கிறது, அந்தப் பக்கத்தை விரலால்கூடத் தொடாதீர்கள்.

கேள்வி: டிஸ்க் கெட்டுப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? எல்லாவற்றையும் அடிக்கடி படித்துப் பார்க்க நேரம் இல்லை.

முடியும். டிஸ்க் பொதுவாக ஒரே நாளில் கெடுவதில்லை. முதலில் பிழைகள் கூடும், டிரைவ் அவற்றைத் தானாகவே திருத்திக்கொள்ளும், உங்களுக்கு ஃபைல் சரியாகவே திறக்கும். திருத்தும் திறனைப் பிழைகள் தாண்டும் நாளில்தான் ஃபைல் திறக்காமல் போகும். ஆகவே ஃபைல் திறக்கிறதா என்று பார்ப்பது போதாது, திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். டிவிடியில் அடுத்தடுத்த 8 பிழைத்திருத்தத் தொகுதிகளில் (பிழை திருத்துவதற்காகத் தகவலைப் பிரித்து வைக்கும் துண்டுகள்) இந்த எண்ணிக்கை 280-ஐத் தாண்டக்கூடாது என்பது தர வரையறை. டிஸ்க்கை எழுதிய அன்றே ஒருமுறை அளந்து, எண்ணைப் பதிவேட்டில் குறித்துவையுங்கள். அந்த முதல் எண் இல்லாவிட்டால் பின்னால் ஒப்பிட எதுவுமே இருக்காது.

எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும், அதாவது ஆலையில் ஒன்றாகத் தயாரான டிஸ்க்குகளிலிருந்தும், சிலவற்றை எடுத்துச் சோதியுங்கள், ஒன்றில் எண் ஏறியிருந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் சோதியுங்கள். இரவில் பெட்டகம் சும்மா இருக்கும் நேரத்தில் இதை ஓட விடலாம். அறையில் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போகாமலும், ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் டிஸ்க்குக்கு நல்லது.

டிஸ்க் நன்றாக இருக்கும்போதே டிரைவ் கிடைக்காமல் போகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. உதிரி டிரைவ்களை இப்போதே வாங்கி வையுங்கள்.

கேள்வி: காலாவதியான டிஸ்க்குகளை எப்படி அழிப்பது? காந்தத்தால் அழிக்கும் கருவி எங்களிடம் இருக்கிறது.

சிடி, டிவிடி, ப்ளூ-ரே எதிலும் அது வேலை செய்யாது, அவற்றில் தகவல் காந்தமாகப் பதிவாகவில்லை. இரண்டாக உடைத்துப் போடுவதும் போதாது. டிஸ்க்குக்கென்று உள்ள அரைக்கும் கருவியில் தூளாக்குங்கள், இல்லையென்றால் அதற்குரிய உலையில் எரிக்கக் கொடுங்கள். அரைக்கும் முன் ஒவ்வொன்றின் பார்கோடையும் படித்து, அழிக்கப்பட்டது என்று தேதியோடு பதிவேட்டில் குறித்துவிடுங்கள். ஒரு டிஸ்க் காணவில்லை என்று பிறகு யாராவது தேடும்போது, அது தொலைந்ததா அழிக்கப்பட்டதா என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும்.